குமரிக் கடல் கேட்கும் விமானம்

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலிலிருந்த தூத்தூர், வள்ளவிளை மீனவர் பலர் கரை திரும்பவேயில்லை. ஓடுபாதையின்றி நேரே எழும்பி, நீரிலும் அமரவல்ல வாடகை விமானங்களைப் பற்றி இன்று பேசப்படுகையில் நம் மனம் அவர்களையே நாடுகிறது.

காரியம் எளிதன்று. இறக்கையின் துணையின்றி முழுப் பாரத்தையும் சுழலிகளே தூக்குவதற்குப் பெருஞ்சக்தி வேண்டும். மின்கலமோ, அதே எடையுள்ள பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய 40-இல் ஒரு பங்கே கொண்டது. மிதப்பதற்குப் படகு போன்ற அடிப்பாகம் அமைத்தால் எடை கூடும். எடை கூடினால் பறக்கும் தூரம் குறையும். ஆழ்கடல் வரை சென்று மீள, எண்ணெய் எஞ்சினும் மின்சாரமும் சேர்ந்த முறையையே நாட வேண்டியிருக்கும். மேலே அமைந்த சுழலிகளின் பாரம் அலையில் ஊர்தியைக் கவிழ்க்கப் பார்க்கும். அவை கிளப்பும் உப்புத் துளிகள் யந்திரத்தை அரிக்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய இபிளேன் நிறுவனம் நேரே எழும்பும் மின்விமானத்தை உருவாக்க முற்பட்டது நமக்குப் பெருமையே. ஆனால் அமைதியான காயலில் இறங்கினால் போதுமென்பது உல்லாசப் பிரயாணிகளின் அளவுகோல். கடலில் இறங்கும் விமானம் செய்யத் துணியும் நிபுணர்கள், குளச்சலின் ஆனி ஆடி அலையையே அளவுகோலாகக் கொள்வார்களாக. அதில் தேறும் ஊர்தியே நம் மீனவருக்கு உதவும்.