மேட்டுச் சாலையில் மிதிவண்டி: மோட்டாரின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு?

இதய மறுவாழ்வுப் பயிற்சியை முடித்து வீடு திரும்புவோர் எங்களிடம் கேட்கும் வினாக்களுள் ஒன்று, "இனி நான் சைக்கிள் மிதிக்கலாமா?" என்பது. சமவெளியில் வாழ்வோருக்கு விடை எளிது. மலையூர்களில் வாழ்வோருக்கு அவ்வளவு எளிதன்று. அங்கே வீட்டு வாசலைத் தாண்டியதும் ஏற்றமோ இறக்கமோ தொடங்கிவிடுகிறது. அண்மைக்காலமாக இவ்வினா வேறு வடிவத்திலும் வருகிறது: "பழைய சைக்கிளிலேயே மோட்டார் பொருத்திக்கொண்டால் மேடு ஏறலாமா?"

கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஸ்டென்ட் வைக்கப்பட்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். நாள்தோறும் மிதிவண்டியில் சென்று பழகியவர். தந்தை சிரமப்படக் கூடாதென்று அவருடைய மகன் அந்த வண்டியில் மோட்டார் பொருத்தித் தந்திருந்தார். கைப்பிடியைத் திருகினால் வண்டி தானே ஓடும். மிதிக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஆறு நிமிட நடைச் சோதனையில் அவர் முன்பு நடந்த தூரத்தைக்கூட எட்டவில்லை. மேலும், மழை நாளொன்றில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் தேயிலைப் புதருக்குள் சரிந்ததையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்வேளையாகக் காயமில்லை. அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து, இதனை இங்கே குறிப்பிடுகிறோம். மகனின் அன்பில் குறையில்லை. மோட்டார் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை எவரும் அவருக்கு விளக்கவில்லை என்பதே குறை. அவ்விளக்கத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடு ஏன் இதயத்தைச் சோதிக்கிறது?

65 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ எடையுள்ள மிதிவண்டியில் சமதளத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு ஏறத்தாழ 40 வாட் ஆற்றல் போதும். அதே மனிதர் நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 160 வாட் வேண்டும். வேகம் குறைந்தும் உழைப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. உடலையும் வண்டியையும் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கிச் செல்ல வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

மெதுவாகச் சென்றால் ஆகாதா என்று கேட்கலாம். நம் ஊர்களின் பழைய மிதிவண்டியில் கியர் கிடையாது. முன்பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்பல்சக்கரத்தில் 18 பல்லும் இருக்குமாயின், பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மேடு ஏறுகையில் நிமிடத்துக்கு இருபது சுற்றுக்கூட வராது. அப்போது பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கால் 40 கிலோ எடைக்கும் மேற்பட்ட விசையைத் தர வேண்டியிருக்கும். இதனாலேயே பலர் இருக்கையிலிருந்து எழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கின்றனர். மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயர்கிறது. இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்கு இதுவே ஆபத்தான நொடி. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கும் முழங்கால் வலி இந்த அழுத்தத்தில்தான் கூடுகிறது. இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதும் இலேசான வேலையன்று.

ஆகவே மருத்துவ நோக்கில் இடர் தருவது மிதிப்பதன்று. மேட்டில் உழைப்பு திடீரென்று உச்சத்துக்குப் போவதே இடர். மோட்டார் செய்ய வேண்டிய பணி அந்த உச்சத்தைத் தணிப்பது மட்டுமே.

மின்துணை எவ்வாறு செயற்படுகிறது?

மின்துணைத் தொகுதியில் மோட்டார், பேட்டரி, கட்டுப்பாட்டுப் பெட்டி, உணரி ஆகிய நான்கும் முதன்மையானவை. இவற்றால் வண்டியின் எடை ஏறத்தாழ 10 கிலோ கூடலாம். மேலே சொன்ன அதே மேட்டில், அதே வேகத்தில் செல்ல இப்போது ஏறத்தாழ 175 வாட் தேவைப்படும். அதில் 115 வாட்டை மோட்டார் ஏற்றுக்கொண்டால் மிதிப்பவரின் பங்கு 60 வாட். அது சமதளத்தில் மிதிப்பதைவிடச் சற்றே கூடுதலான உழைப்பு. இதயத்துக்கு உண்மையான பயிற்சி கிடைக்கிறது; ஆயினும் அது திணறுவதில்லை.

மோட்டாரை இயக்கும் முறை மூவகைப்படும். முதலாவது, கைப்பிடியைத் திருகி இயக்குவது. இதில் மிதிக்க வேண்டிய தேவையே எழாததால் பயிற்சியும் இல்லை. அம்முதியவருக்கு நேர்ந்தது இதுவே. இரண்டாவது, பெடல் சுழல்வதை மட்டும் அறியும் உணரி. காலை ஒப்புக்குச் சுழற்றினாலும் மோட்டார் தன் பங்கை முழுமையாகத் தந்துவிடும். மூன்றாவது, கால் தரும் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உதவும் உணரி. மெல்ல மிதித்தால் சிறிதும், அழுத்தி மிதித்தால் மிகுதியும் உதவும். விலை கூடுதலாயினும் மறுவாழ்வு நோக்கில் மூன்றாவதே சிறந்தது. இரண்டாம் வகையே கைக்கு எட்டுமாயின், உதவி அளவைத் தேவைக்கு மேல் கூட்டாமல் வைத்துக்கொண்டால் அதனாலும் பயன் பெறலாம்.

"மோட்டார் உதவினால் அது உடற்பயிற்சியாகுமா?" என்னும் ஐயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், உடலுழைப்புக் குறைந்த 20 பேர் ஒரு மாத காலம் வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் மின்துணை மிதிவண்டியை மிதித்தனர். அவர்களின் இதய, நுரையீரல் திறனும் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டன. அவர்கள் இதய நோயாளிகள் அல்லர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் மிதிக்கும் வரை அது பயிற்சியே என்பதில் ஐயமில்லை.

பழைய வண்டி தாங்குமா?

நம் ஊர்க் கறுப்பு மிதிவண்டியின் இரும்புச் சட்டம் உறுதியானது. அதன் பிற உறுப்புகளைத்தான் ஆராய வேண்டும்.

மோட்டாரைச் சக்கரத்தின் நடுவில் பொருத்துவதே பழைய வண்டிக்கு எளிது. முன்சக்கரத்தில் பொருத்துவது இன்னும் எளிது. ஆனால் செங்குத்தான, ஈரமான சாலையில் முன்சக்கரம் வழுக்கக்கூடும். மலையூர்களுக்குப் பின்சக்கரமே ஏற்றது. உள்ளே பற்சக்கரம் கொண்ட மோட்டாரைக் கேட்டு வாங்குவது நல்லது. பற்சக்கரம் இல்லாத மோட்டார் மெதுவான நீண்ட ஏற்றத்தில் விரைவில் சூடேறும். மோட்டாரின் அச்சு சுழன்று சட்டத்திலிருந்து கழன்றுவிடாதபடி தடுப்புத் தகடு பொருத்தப்பட்டுள்ளதா என்று கடைக்காரரிடம் தவறாமல் கேட்கவும். பின்சக்கரத்தில் 18 பல்லுக்குப் பதிலாக 22 பல் கொண்ட ஃப்ரீவீல் போட்டால், கால் சற்று விரைவாகச் சுழலும். முழங்காலின் மீதான அழுத்தம் குறையும். செலவு சிறிது, பயன் பெரிது.

இருக்கையின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடிந்திருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கை முழங்கால் வலியைக் கூட்டும். ஆனால் வண்டியை நிறுத்தும்போது கால் நிலத்தில் உறுதியாக ஊன்றவும் வேண்டும்.

மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும் மின் மிதிவண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. "இன்னும் வேகமாகப் போகும்" என்று யாரேனும் பெரிய மோட்டாரைப் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது வேகமன்று.

இறக்கத்தில் மோட்டார் துணையில்லை

ஏறும்போது நாமும் மோட்டாரும் சேர்ந்து செலுத்திய ஆற்றல், இறங்கும்போது பெரும்பாலும் பிரேக்கில்தான் கரைய வேண்டும். பழைய வண்டியின் கம்பிப் பிரேக், முலாம் பூசிய இரும்பு ரிம்மை ரப்பர்க் கட்டையால் பிடிப்பது. ரிம் நனைந்தால் பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனுடன் 10 கிலோ எடையும் கூடினால் நிலைமை மேலும் மோசமாகும். ஆகவே மோட்டாருக்குச் செலவிடுமுன் பிரேக்குக்குச் செலவிடுங்கள். அலுமினிய ரிம்மும் நல்ல கேபிள் பிரேக்கும், இயன்றால் டிஸ்க் பிரேக்கும் பொருத்துங்கள். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். மழையில் இறக்கத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சிறு வீழ்ச்சியும் தலைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். தலைக்கவசம் இன்றி வண்டியில் ஏறாதீர்கள். தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பேட்டரியும் வீடும்

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி ஆற்றல் இருக்கும். குன்னூர் இரயில் நிலையம் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலும், உதகை நிலையம் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அந்த 500 மீட்டர் உயரத்தை ஏற, மூன்றில் இரு பங்கு உழைப்பை மோட்டார் தருமானால், பேட்டரியில் பாதியளவு செலவாகும். கணக்கு விளங்குவதற்காகவே இதனைச் சொல்கிறோம். வாகன நெரிசல் மிக்க அச்சாலையில் செல்லுமாறு சொல்லவில்லை. பழைய பேட்டரியும் குளிரும் இந்த அளவைக் குறைக்கும் என்பதையும் கருத்திற்கொள்க.

வீடு மேட்டிலும் கடைவீதி பள்ளத்திலும் இருந்தால், களைத்துத் திரும்பும்போதுதான் ஏற்றம் வரும். பேட்டரி தீர்ந்துவிட்டால் முன்னைவிடக் கனமான வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும். எனவே அத்தகையோர் பேட்டரியில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும்போதே திரும்பத் தொடங்க வேண்டும்.

பேட்டரிக்கு உரிய சார்ஜரை மட்டுமே பயன்படுத்துக. எல்லோரும் உறங்கும் நேரத்திலோ வாசல் வழியை அடைத்தபடியோ சார்ஜ் செய்ய வேண்டா. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ ஆக்சிஜன் செறிவூட்டியோ பயன்படுத்துவோர் இருப்பின், அந்த அறையில் ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது. உப்பிய, நசுங்கிய, நீரில் மூழ்கிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

தொடங்குமுன், மிதிக்கையில்

மருத்துவரின் இசைவு முதலில் வேண்டும். பலருக்கு டிரெட்மில் சோதனையோ நடைச் சோதனையோ செய்து பார்த்த பின்னரே நாங்கள் அனுமதி தருகிறோம். நெஞ்சைத் திறந்து பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் நெஞ்செலும்பு உறுதிப்படும் வரை, வழக்கமாக 12 வாரம், சாலையில் மிதிவண்டி ஓட்டக் கூடாது. மேட்டில் ஹேண்டிலை இழுத்துப் பிடிப்பது நெஞ்செலும்பைப் பாதிக்கும். பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர் தொகுதியை வாங்குமுன் எங்களிடம் தெரிவியுங்கள். மோட்டாரையோ காந்தம் உள்ள உறுப்பையோ நெஞ்சோடு அணைத்துத் தூக்காதீர்கள்.

முதல் பத்து நிமிடம் சமதளத்திலோ மெல்லிய சரிவிலோ மிதித்து உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். அதிகாலைக் குளிர்காற்று நெஞ்சுவலியைத் தூண்டக்கூடும்; வெயில் ஏறிய பின் கிளம்புவது நல்லது. மோட்டாரின் உதவி அளவைத் தீர்மானிக்க ஓர் எளிய வழி உண்டு. மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சிரைத்தால் உதவியை ஒரு படி கூட்டுங்கள். பாடவே முடிகிறது என்றால் ஒரு படி குறையுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் நாடித்துடிப்பைக் குறைப்பதால், அவற்றை உட்கொள்வோருக்கு நாடியைவிட இப்பேச்சுச் சோதனையே நம்பத்தக்கது.

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர் குளுக்கோஸ் பொட்டலத்தையும், இதய நோயாளிகள் மருத்துவர் தந்த நாக்கடி மாத்திரையையும் சட்டைப்பையில் வைத்திருங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே இறங்கி அமருங்கள். மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

நோயுற்றவரைப் பேண விரும்புவோர் அவருடைய உழைப்பு முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. ஆனால் நலமடையும் இதயத்துக்கு அளவான உழைப்பும் மருந்தாகும். தொடக்கத்துச் சில வாரங்கள் உடன் செல்லுங்கள், பேசிக்கொண்டே செல்லுங்கள். அவர் விடை சொல்வதைக் கேட்டாலே அவருடைய நிலை உங்களுக்கு விளங்கிவிடும்.

அந்த முதியவரின் மகன் இப்போது திருகு கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பெடல் உணரியைப் பொருத்தியிருக்கிறார், பிரேக்குகளையும் மாற்றியிருக்கிறார். தந்தையார் வாரம் நான்கு நாள் மிதிக்கிறார். சென்ற பரிசோதனையில், ஆறு நிமிட நடைச் சோதனையில் முன்னைவிடக் கூடுதலான தூரம் நடந்தார். மேடு ஏறுகையில் உதவி அளவை இரண்டில் வைப்பதாகவும், கடைசி வளைவில் மட்டும் மூன்றுக்கு மாற்றுவதாகவும் அவர் எங்களிடம் கூறினார்.

மிதிவண்டியில் மின்துணை பொருத்த எண்ணுவோர் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, வாங்கவிருக்கும் தொகுதியின் விவரத்தையும் நாள்தோறும் செல்லும் வழியையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். உங்களுக்கேற்ற அளவைச் சேர்ந்து முடிவுசெய்வோம்.