கடலை எண்ணெய் தெரிந்த நமக்கு வண்டி ஆயில் தெரிய வேண்டாமா?

எண்ணெய் நமக்குப் புதிய சரக்கு அல்ல. டின்னைத் திறந்ததும் வாசனையிலேயே கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் பெரியவர்கள் நம் வணிகர்களிடையே இன்றும் உண்டு. முத்திரை உடைந்த டின்னை நாம் கடையில் இறக்கவே விடமாட்டோம். ஆனால் அதே நாம், கடையின் சரக்கு வண்டிக்கு ஆயில் மாற்றும் நாளில் மட்டும், "ஏதாவது நல்லதாப் பார்த்து ஊத்துப்பா" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். இது சரிதானா?

1996-ல் காய்கறி மொத்த வியாபாரம் கொத்தவால்சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போனது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. இன்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பல கடைகளுக்கு இத்தகைய வண்டியே கால். செங்குன்றத்து அரிசி மூட்டையும் கோயம்பேட்டுக் காய்கறியும் விடிவதற்குள் கடை வாசலுக்கு வருவது அதனால்தான்.

நாமும் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டோம். சகாய விலை என்று பில் இல்லாமல் வாங்கிய ஆயிலை ஊற்றினோம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது என்ஜின் ஜாம் ஆகி வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தால் பேரிங் எல்லாம் தேய்ந்து போயிருந்தது. என்ஜின் வேலைக்கும் வாடகை வண்டிக்கும் கொடுத்த பணத்தில், பல வருடத்துக்கு நல்ல ஆயிலே வாங்கியிருக்கலாம்.

எண் சொல்வது என்ன?

கேனின் மேல் '15 டபிள்யூ 40' என்று போட்டிருக்கும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதும், வெயில் ஏறியதும் இளகுவதும் நமக்குத் தெரியும். ஆயிலின் தன்மையும் அப்படித்தான். முதல் எண் குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது.

சென்னையில் பனி உறைவதில்லை. ஆகவே பழைய டீசல் வண்டிகளுக்கு 15 டபிள்யூ 40 பொருத்தமாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் புது வண்டியின் கையேட்டில் 5 டபிள்யூ 30 என்று இருந்தால், "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று மாற்றக் கூடாது. அந்த என்ஜினின் இடைவெளிகளும் ஆயில் பம்பும் மெல்லிய ஆயிலை வைத்தே கணக்கிடப்பட்டவை.

எழுத்து சொல்வது என்ன?

எண்ணைவிட முக்கியமானது ஏ.பி.ஐ. தரம். டீசல் என்ஜின் ஆயிலுக்கு அது 'சி' என்ற எழுத்தில் தொடங்கும், பெட்ரோலுக்கு 'எஸ்'. சி.எச்.4 1998-லும், சி.ஐ.4 2002-லும், சி.கே.4 2016 டிசம்பரிலும் வந்தவை. இரண்டாவது எழுத்து வரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது.

இந்த வேறுபாடு இப்போது ஏன் பெரிதாகிறது? 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயோடு ஒரு வடிகட்டி உண்டு, மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்கள். புகையின் கரியை அது பிடித்து வைத்துச் சூட்டில் எரித்துவிடும். ஆனால் அடுப்பில் கரி எரிந்தாலும் சாம்பல் மிஞ்சுகிறதல்லவா? ஆயிலில் சேர்க்கும் சில பொருள்கள் எரிந்தால் வரும் சாம்பல் அந்த வடிகட்டியிலேயே தங்கிவிடும். பழைய தர ஆயிலில் சாம்பல் அதிகம். வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை மாற்றுவது பெருஞ்செலவு.

ஆகவே ஒரு விதியை நினைவில் வைக்கலாம்: பழைய சி.ஐ.4 வண்டிக்கு, அதே எண் கொண்ட சி.கே.4 ஊற்றினால் பாதகமில்லை. புது வண்டிக்குப் பழைய தர ஆயில் ஊற்றினால் பாதகம் உண்டு. எஃப்.ஏ.4 என்று போட்டிருந்தால், கையேட்டில் அந்தப் பெயரே இருந்தால் ஒழியத் தொட வேண்டாம்.

நம் தெருக்களின் கணக்கு வேறு

உஸ்மான் சாலை நெரிசலிலும் கபாலி கோயில் மாடவீதிகளிலும் வண்டி நின்று நின்று போகிறது. கிலோமீட்டர் ஏறுவதில்லை, என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், கையேட்டில் கடின உபயோகத்துக்குச் சொன்ன அளவையும் மாதக் கணக்கையும் பார்த்து, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை, சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சற்றுப் பொறுத்து, டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் கறுத்திருந்தால் பயம் வேண்டாம். கரியைத் தன்னுள் ஏந்தி வைப்பதும் அதன் வேலைதான். அளவு தானாகவே ஏறியிருந்தால்தான் கவலை. குறுகிய ஓட்டத்தில் வடிகட்டியின் கரி முழுதும் எரியாமல், டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம். பால் கலந்த காபி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துச் சென்று சோதித்த பிறகே சாவி போட வேண்டும்.

வாங்கும்போது

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் பெட்ரோல் பங்கில் வாங்கினாலும், மூடியின் சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றையும் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். வாரண்டி கேட்கும் நாளில் பில்தான் பேசும். சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. கட்டுவோருக்குச் சரக்கு வண்டிச் செலவில் உள்ளீட்டு வரி வரவும் உண்டு. காம்போசிஷன் முறையில் இருப்போருக்கு இல்லை. காலி கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் அடைப்போருக்கு அதுதான் மூலதனம்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடுவது குற்றம். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் போக வேண்டும். அப்படி அனுப்பும் சர்வீஸ் நிலையத்தையே தேர்ந்தெடுங்கள்.

வணிகப் பெருமக்களே! கம்பெனிப் பெயரும் விளம்பரமும் அடுத்தபடிதான். வண்டியின் கையேட்டை இன்றே எடுத்து, அதில் உள்ள எண்ணையும் எழுத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லாப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். மெக்கானிக்கிடம் "ஏதாவது நல்லது" என்று கேட்காமல், அந்தச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நம்மிடம் வரும் வாடிக்கையாளர் தரம் கேட்டு வாங்கினால் நாம் மதிக்கிறோம் அல்லவா? நாம் வாடிக்கையாளராகப் போகும் இடத்திலும் அப்படியே வாங்குவோம்.