சொல்லி முடிக்கும் வரை

வலி எப்படி இருக்கிறது என்று மருத்துவர் வினவும்போது, நோயாளியை முந்திக்கொண்டு உடன் வந்தவர் விடை கூறுவதை நாள்தோறும் காண்கிறோம். “நேற்றைக்கு இன்று பரவாயில்லை, டாக்டர்.” அன்பினால் பிறக்கும் விடைதான். ஆயினும் வலியை அளந்து காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பேசக்கூடிய நோயாளியிடம் அவருடைய சொல்லே நம்பத்தக்க அளவுகோல். குத்துகிறது என்பதற்கும் எரிகிறது என்பதற்கும் மருந்தே வேறுபடலாம். எரியும் வலி நரம்பிலிருந்து எழுவதாக இருக்கக்கூடும்.

மருத்துவர்களும் இதில் விதிவிலக்கல்லர். 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தது. நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். குறுக்கிடாவிட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். சராசரி 92 நொடிகள். ஒன்றரை நிமிடந்தான்!

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் நல்லாதரவு இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியர், பின்னரே மருத்துவர். இறுதிநிலை நோயாளிகளின் பேச்சைப் பொறுமையுடன் கேட்ட அவர், உடல் வேதனையோடு குடும்பக் கவலையும் தனிமையும் அச்சமும் பின்னிக் கிடப்பதை உணர்ந்து, அதனை ‘முழுமையான வலி’ என்றார். வலி மீண்டும் எழும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் மருந்தளிக்கும் முறையையும் வலியுறுத்தினார்.

நோயுற்ற நாளில் மட்டும் செவிசாய்ப்பது எளிதன்று என்பது எங்கள் எண்ணம். தம் பேச்சு பாதியிலேயே வெட்டப்படும் வீட்டில் பல்லாண்டு வாழ்ந்தவர், கட்டிலில் படுத்த பின்னும் “ஒன்றுமில்லை” என்றே சொல்வார். அதனால் நலமாக உள்ளபோதே, உணவு வேளையில் கைப்பேசியை ஒதுக்கிவைத்து ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பதும் ஒருவகையில் மருத்துவமே.

“வலிக்கிறதா?” என்றால் “இல்லை” என்பது எளிது. “இரவில் எத்தனை முறை விழித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். விடை வரத் தாமதமானால் அந்த மௌனத்தை நிரப்ப முயல வேண்டாம். “எல்லாம் சரியாகிவிடும்” என்று உடனே கூறுவதும் பல வேளைகளில் பேச்சின் கதவை அடைத்துவிடுகிறது. பேச இயலாதவரிடத்தில் சுருங்கும் நெற்றியும், முனகலும், புரண்டு படுக்கும்போது இறுகும் கையும் பேசும்.

கேட்டவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி, மருத்துவர் பார்வையிட வரும்போது காட்டுங்கள். அதற்கு முன், நோயாளி தாமே பேச இடங்கொடுங்கள். விடுபட்டதை மட்டும் பின்னர் நீங்கள் சேர்க்கலாம்.