உள்ளே முறிந்த போல்ட்டு

தாராவியில் இட்லி வியாபாரம் செய்து பிழைக்கும் நம் குடும்பங்களில் ஆட்டுக்கல்லின் இடத்தைப் பெரிய கிரைண்டர் பிடித்துக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. மாலையில் மாவை அரைத்து, இரவில் புளிக்கவிட்டு, விடியுமுன் அவித்து, மும்பை நகரெங்கும் கொண்டுபோய் விற்பது அவர்கள் தொழில். ஆகையால் மாலையில் கிரைண்டர் நின்றால் மறுநாள் வருவாயும் நின்றதென்றே பொருள். நம் சங்கத்து அன்பர் ஒருவர் வீட்டில் அவ்வாறு ஒரு மாலை நேர்ந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் அண்ணாச்சி என்றழைக்கும் அவரை நாமும் அப்படியே குறிப்பிடுவோம்.

பெல்ட்டு தளர்ந்து, கல் சுழலாமல் நழுவிக்கொண்டிருந்தது. மோட்டாரைச் சற்றே பின்னுக்கு நகர்த்தினால் பெல்ட்டு இறுகிவிடும். மோட்டாரின் தட்டை வார்ப்பிரும்புச் சட்டத்தோடு பிணைப்பவை 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இரண்டு. பின்புறம் நட்டு கிடையாது. சட்டத்திலேயே மரை வெட்டியிருக்கிறது. முதல் போல்ட்டு எளிதில் இணங்கிற்று. மற்றொன்று, கல் கழுவும் தண்ணீர் ஓயாமல் சொட்டுகின்ற மூலையில் இருப்பது. அண்ணாச்சி ஸ்பானரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி நெம்பினார். ‘டக்’ என்று ஓர் ஓசை; தலை கையோடு வந்துவிட்டது. உடல் சட்டத்தின் மட்டத்தோடு முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஒற்றைப் போல்ட்டை நம்பி மோட்டாரை ஓட்டினால் அது திருகிக்கொண்டு பெல்ட்டை அறுத்துவிடும்.

உதவிக்கு வந்த பக்கத்துத் தெரு இளைஞரிடம் எக்ஸ்டிராக்டர் பெட்டி ஒன்று இருந்தது. பட்டறைகளில் ‘ஈஸி அவுட்’ என்று வழங்குவது இதுவே. முறிந்த துண்டின் நடுவே துளையிட்டு, அத்துளையில் இக்கருவியைத் தட்டி இறக்கித் திருக வேண்டும். இதன் வரிகள் சாதாரணத் திருகாணியின் வரிகளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றிச் செல்பவை, நுனி கூம்பியது. போல்ட்டைக் கழற்றும் திசையாகிய இடப்புறம் திருகத் திருகக் கருவி மேலும் ஆழ்ந்து துளையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். கவ்விய கருவி சுழன்றால் துண்டும் உடன் சுழன்று வெளிவர வேண்டும் என்பதே இதன் யுக்தி. இளைஞர் முறைப்படியே துளையிட்டார்; கருவியை இறக்கினார்; திருகினார். அசையவில்லை. பிடியை நீட்டிக்கொண்டு மறுபடியும் திருகினார். இம்முறை கருவி முறிந்தது. முறிந்த போல்ட்டுக்குள் முறிந்த எக்ஸ்டிராக்டரும் குடியேறிற்று. அதைத் துளைத்தெடுக்கலாம் என்று முயன்றபோது டிரில் பிட்டின் நுனிதான் கருகியது. உள்ளே இருந்ததில் கீறலும் விழவில்லை. ஊறவைத்திருந்த அரிசியில் பாதியை இரவல் கிரைண்டரில் அரைத்துக்கொண்டார்கள். மீதி அரிசியும் உளுந்தும் வீணாயின. இரண்டு நாள் வாடிக்கை பாழாயிற்று.

மறுநாள் சட்டத்தைக் கைவண்டியில் ஏற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த வயதான மேஸ்திரி துளையை ஒரு முறை பார்த்தார். கருவி எதையும் எடுக்காமல் இளைஞரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, இது முடுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போது முறிந்ததா?”

எக்ஸ்டிராக்டரைக் கையிலெடுக்குமுன் நம்மில் அநேகர் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. வேலை முழுவதும் இதற்கான விடையைப் பொறுத்தே அமைகிறது. அளவுக்கு மீறி முடுக்கியதனாலோ, நெடுநாள் அதிர்வினால் களைத்தோ முறிந்த போல்ட்டு, தலை போனவுடன் இறுக்கமும் போய், மரைக்குள் தளர்வாகவே நிற்கும். சில வேளைகளில் கூரிய பஞ்சின் நுனியை ஓரத்தில் வைத்து மெல்லத் தட்டினாலே சுழன்று வந்துவிடும். எக்ஸ்டிராக்டர் இத்தகைய துண்டுக்கென்றே ஏற்பட்ட கருவி. கழற்றும்போது முறிந்ததோ வேறு ஜாதி. துரு அதை மரையோடு மரையாகப் பிணைத்துவிட்டது. அந்தப் பிணைப்பை அசைக்கச் செலுத்திய விசை, பிணைப்பை விட்டுவிட்டுப் போல்ட்டையே முறித்துவிட்டது. போல்ட்டால் ஆகாத காரியத்தை, அதற்குள் நுழையும் அளவே பருமனுள்ள கருவியிடம் ஒப்படைப்பது எங்ஙனம்?

இதைக் கணக்கிட்டும் காணலாம். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை வரிகளை நீக்கி அடித்தண்டை அளந்தால் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் இறங்கும் எக்ஸ்டிராக்டரின் பருமன் சுமார் 5 மில்லிமீட்டர். முறுக்கைத் தாங்கும் ஆற்றல் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே எஃகு ஒன்றேயானால் எக்ஸ்டிராக்டரின் வலிமை போல்ட்டின் வலிமையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே. கருவியின் எஃகு இருமடங்கு வலியது என்று வைத்துக்கொண்டாலும் பாதிதான் தேறும். அன்றியும் அது மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டது. வளையத் தெரியாது, கண்ணாடிபோல் ஒடியத்தான் தெரியும். கூம்பு வடிவிலும் ஒரு தீங்கு உண்டு. இறங்க இறங்க அது துண்டை உள்ளிருந்து விரித்து, மரையோடு இன்னும் நெருக்குகிறது. கூம்பாமல் நேராக, பல வரிகளோடு வரும் எக்ஸ்டிராக்டர்களில் இந்தக் குறை இல்லை. புதிதாக வாங்குவோர் அவ்வகையையே கேட்டு வாங்குதல் நலம்.

கருவியைப் பழித்துக்கொண்டே போவதாக எண்ண வேண்டாம். முறையாகப் பயன்படுத்தினால் நல்ல கருவியே. முறிந்த முகத்தை அரத்தால் தட்டையாக்கி, சென்டர் பஞ்சினால் சரியாக நடுவில் குறியிட வேண்டும். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் டிரில் ஒருபுறம் சாய்ந்து சட்டத்தின் மரையைத் தின்றுவிடும். முதலில் சிறிய துளை, பிறகு பெட்டியில் குறித்த அளவுத் துளை. இடப்புறம் சுழன்று துளைக்கும் டிரில் பிட்டுகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை மாட்டித் துளையிடும்போதே, தளர்ந்த துண்டு டிரிலோடு சேர்ந்து வெளியே வந்துவிடுவது உண்டு. எக்ஸ்டிராக்டருக்கே வேலை இருப்பதில்லை. கருவியைத் திருகுவதற்கு இருபுறமும் கைப்பிடியுள்ள டேப்பு ரெஞ்சையே கொள்ள வேண்டும். ஒருபுற ஸ்பானர் கருவியைச் சாய்க்கும், சாய்ந்தால் ஒடியும். இரு கை விரல்களின் பலத்துக்கு இணங்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த இளைஞர் பிடியை நீட்டிக்கொண்டபோதுதான் காரியம் கெட்டது.

துருப்பிடித்த துண்டுக்கு வேண்டியவை எண்ணெய், உஷ்ணம், அவகாசம். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இருமடங்குக்கும் மேலாகிறது. மரைகளுக்கிடையே உள்ள நூலிழை இடைவெளியில் அவ்வளவும் அடைத்துக்கொள்கிறது. அதற்குள் எண்ணெய் புகுவதற்கு ஒரு நாளாவது ஆகும். கடையில் விற்கும் துரு நீக்கும் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, இடையிடையே பஞ்சை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். தட்டுவதால் ஏற்படும் அதிர்ச்சியில் துருவில் விரிசல் விழும்; அவ்விரிசல் வழியே எண்ணெய் இறங்கும்.

உஷ்ணத்தின் வேலை உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். ஸ்கூட்டர் எஞ்சினைப்போல் அலுமினியக் கூட்டில் எஃகுப் போல்ட்டு முறிந்திருந்தால் நமக்கு அதிர்ஷ்டம் எனலாம். ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிகிறது. சூடேற்றினால் துளை தானே பெருத்துப் போல்ட்டை விடுவிக்கும். வார்ப்பிரும்போ எஃகின் அளவே விரிவது. அங்கே சுற்றியுள்ள சட்டத்தை மாத்திரம் விரைவில் சூடேற்றி, போல்ட்டு சூடாகுமுன் திருக வேண்டும். அல்லது பலமுறை சூடேற்றி ஆறவிட்டுத் துருவை உடைக்க வேண்டும். சூடான மூட்டின்மேல் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் ஊர்ந்து செல்லும். பழைய மெக்கானிக்குகள் கையாளும் யுக்தி இது. எண்ணெய் விட்ட இடத்தைத் துடைக்காமல் சுடரை நீட்டுவதும், காய்ந்த வார்ப்பிரும்பின்மேல் தண்ணீரைக் கொட்டுவதும் கூடவே கூடா. முன்னது தீயை மூட்டும். பின்னது சட்டத்தைப் பிளக்கும்.

மேஸ்திரி செய்ததும் இவ்வழிதான். ஆனால் உள்ளே ஒடிந்திருந்த எக்ஸ்டிராக்டரை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. கண்ணாடியின் குணத்தைக் கண்ணாடிக்கே எதிராகத் திருப்பினார். கடினமான சிறு பஞ்சை அதன்மேல் நிறுத்தி ஓங்கி ஓர் அடி. கருவி சில்லுகளாக உடைந்தது. அச்சமயம் தாமும் கண்ணாடி அணிந்து, நின்றிருந்தவர்களையும் விலகச் சொன்னார். சில்லுகளைக் காந்தத்தாலும் ஊசியாலும் பொறுக்கி எடுத்துவிட்டு, துண்டின்மேல் ஒரு வாஷரை வைத்து, அதன் துளை வழியாகத் துண்டோடு வெல்டிங் செய்தார். வாஷரின்மேல் ஒரு நட்டை வைத்து அதையும் இணைத்தார். போல்ட்டுக்குப் புதிதாக ஒரு தலை முளைத்தது. வெல்டிங்கின் தீக்கனல் துண்டின் நடுவிலிருந்தே எழுவதால் துருவின் பிணைப்பும் அப்போது உடைகிறது. செந்நிறம் மறையும்வரை காத்திருந்து, ஸ்பானரை மாட்டினார். ஒரேயடியாகக் கழற்றவில்லை. கால் சுற்று இடப்புறம், அரைக்கால் சுற்று வலப்புறம், சிறிது எண்ணெய், மறுபடி இடப்புறம். முதல் நட்டு ஒட்டாமல் பெயர்ந்துவிட்டது, இரண்டாவது பிடித்தது. கால் மணி நேரத்தில் துண்டு முழுதாக வெளிவந்தது. இளைஞரிடம் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அடுத்த தடவை பெட்டியைத் திறக்குமுன் என்னைக் கூப்பிடு, தம்பி” என்றார், அவ்வளவே.

இவ்வழியும் பலிக்காத இடங்கள் உண்டு. அவற்றுக்கு மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் யந்திரம் இருக்கிறது. 1943 ஆம் ஆண்டில் மாஸ்கோவில் லசரெங்கோ தம்பதியர் கண்ட முறை இது. மின்பொறி தன் தொடுமுனைகளைத் தின்பதை எவ்வாறு தடுப்பது என்று ஆராயப்போனவர்கள், அந்தக் கெடுதலையே ஒரு கருவியாக்கினார்கள். எவ்வளவு கடினமான எஃகானாலும் அது பொருட்படுத்தாது. சுற்றியுள்ள மரைக்கும் பழுதில்லாமல் முறிந்த டேப்பையும் எக்ஸ்டிராக்டரையும் துகளாக்கிவிடும். அச்சுக்கருவிகள் செய்யும் பட்டறைகளில் விசாரித்தால் கிடைக்கும். செலவு உண்டு, ஆகவே சாமானின் விலையை எண்ணிப் பார்த்துத்தான் போக வேண்டும்.

செலவே இல்லாத முறை ஒன்றைக் கடிகாரம் பழுதுபார்ப்போர் அறிவார்கள். பித்தளைத் தகட்டுக்குள் நூல்போன்ற எஃகுத் திருகாணி முறிந்துவிட்டால் அதைத் துளைக்க எந்த டிரிலாலும் ஆகாது. அவர்கள் மற்ற எஃகு உறுப்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, தகட்டைப் படிகாரம் கரைத்த சுடுநீரில் இட்டு வைப்பார்கள். நம் வீட்டில் முகச்சவரத்துக்குப் பின் தடவுகிற அதே படிகாரந்தான். அது எஃகைச் சிறிது சிறிதாகத் தின்று கரைத்துவிடும்; பித்தளையைத் தொடாது. சில மணி நேரமோ, ஓரிரு நாளோ ஆகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்கு இது பலிக்காது. பாட்டனார் வைத்துச் சென்ற பித்தளைக் கடிகாரத்தைக் ‘கதை முடிந்தது’ என்று மூலையில் போட்டிருப்பவர்கள் ஒருமுறை விசாரிக்கலாம்.

மரக்கதவில் முறிந்த திருகாணிக்கு இவ்வளவு பாடு வேண்டா. துண்டைச் சுற்றி மரத்தையே மெல்லிய குழாய் ரம்பத்தால் வெட்டியெடுத்து, துளையை மர ஆப்பினால் பசையிட்டு அடைத்து, புதுத் திருகாணியை இறக்கிவிடலாம்.

அண்ணாச்சியின் சட்டத்தில் மரை சற்றே தேய்ந்திருந்தது. மேஸ்திரி 10 மில்லிமீட்டர் டேப்பை ஒருமுறை ஓட்டி அதைச் சுத்தம் செய்தார். மரை அடியோடு போயிருந்தால் 8.5 மில்லிமீட்டர் துளைக்குப் பதிலாகப் பெரிய துளையிட்டு, ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையைப் பொருத்தியிருக்கலாம். புதுப் போல்ட்டுகளைத் தலையில் 8.8 என்ற முத்திரையுள்ளவையாகப் பார்த்து வாங்கி, மரை முழுவதும் கிரீஸ் தடவி, குழாய் மாட்டாத ஸ்பானரால் முடுக்கினார்கள். தண்ணீர் சொட்டும் மூலையின்மேல் பழைய டின் தகடு ஒன்றை வளைத்துக் கூரைபோல் கட்டியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு போல்ட்டுகளையும் கழற்றிக் கிரீஸ் தடவும் பொறுப்பை அண்ணாச்சியின் தாயார் அந்த இளைஞரிடமே விட்டிருக்கிறார். அவர் வரும் நாளில் இட்லிக்குக் காசு வாங்குவதில்லை.