புது வண்டி வழியில் நின்றால் நோட்டுதான் சாட்சி



குழுக்கடன் வாங்கி மாடு வாங்கியவர்கள், தையல் மெஷின் வாங்கியவர்கள் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இப்போது கார் வாங்கி வாடகைக்கு ஓட்டும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. மாட்டுக்கு நோய் என்றால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். வாங்கி ஏழு மாதமே ஆன வண்டி, காரணமே தெரியாமல் நடுரோட்டில் நின்று நின்று போனால் என்ன செய்வது? அதைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

நத்தம் பக்கத்தில் நம் உறுப்பினர் ஒருவர், குழு மூலமும் வங்கி மூலமும் கடன் பெற்று மஞ்சள் போர்டு கார் வாங்கினார். வீட்டுக்காரர் ஓட்டினார். 14,000 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த வண்டி பொசுக்கென்று அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனார்கள். "செக் பண்ணிட்டோம், வண்டியில ஒண்ணும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று தடவை போனார்கள், மூன்று தடவையும் இதே பதில். மாமியார் "கண்ணு பட்டுடுச்சு" என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அக்கம்பக்கத்தில் "ராசி இல்லாத வண்டி" என்றார்கள். கடைசியில் பேச்சு எங்கே வந்து நின்றது தெரியுமா? "நீ குழுவுல கடன் வாங்குன நேரம் சரியில்ல" என்று அந்த அக்கா மேலேயே வந்து நின்றது.

ஒரு நாள் பக்கத்து ஊர் நிறைமாதப் பெண்ணை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனபோது, சத்திரப்பட்டி தாண்டி வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். பின்னால் வந்த வேன்காரர் ஏற்றிக்கொண்டதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் அவர்கள் வண்டியைக் கூப்பிடவில்லை. இரண்டு தவணை நின்றது. குழுக் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தது. அப்போதுதான் விஷயம் எங்களிடம் வந்தது.

காய்ச்சல் போலத்தான் இதுவும்

பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் கொதிக்கும். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் உடம்பு ஜில்லென்று இருக்கும். அதற்காகக் காய்ச்சல் வரவில்லை என்று ஆகிவிடுமா? அதனால்தான் "எத்தனை மணிக்கு வந்துச்சு, எவ்வளவு இருந்துச்சு, எழுதிட்டு வாங்க" என்று நர்ஸ் சொல்கிறார். வண்டிக்கும் இதே வைத்தியம்தான்.

வந்து வந்து போகும் கோளாறு, மெக்கானிக் பார்க்கும் நேரத்தில் வராது. மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. நாம் பொய் சொல்கிறோம் என்றும் அர்த்தம் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

புது வண்டி ஏன் இப்படி நிற்கிறது?

இன்றைய வண்டிகளில் எஞ்சினை நடத்துவது ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி. எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது, எவ்வளவு சூடு என்பதையெல்லாம் சென்சார் என்னும் சிறு கருவிகள் அந்தப் பெட்டிக்குச் சொல்லும். ஒரு முக்கியமான சென்சார் பேசாமல் போனால், எஞ்சின் நல்லபடியாக இருந்தாலும் பெட்டி எண்ணெய் விடுவதை நிறுத்திவிடும். செல்போன் சார்ஜர் ஒயரை ஒரு பக்கம் சாய்த்தால் சார்ஜ் ஏறும், இன்னொரு பக்கம் சாய்த்தால் ஏறாது அல்லவா? அது போல, சூட்டில் விட்டுப்போகும் தொடர்பு ஆறியதும் ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் அடிக்கடி கேள்விப்படும் மற்ற காரணங்கள்:

1. பேட்டரி முனை தளர்ந்திருப்பது, அல்லது எர்த் ஒயர் சரியாக இறுகாமல் இருப்பது.

2. எலி. கிராமத்தில் நெல் மூட்டை பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறோம். எலி எஞ்சினுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும். பாதி கடித்த ஒயர் குலுங்கும்போது மட்டும் விட்டுப்போகும். எலி கடித்ததற்கு வாரண்டி கிடைக்காது.

3. வெளிக்கடையில் பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன் மாட்டுவது. அதற்காகக் கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டினால் பேட்டரி இறங்கும். அந்தப் பக்கத்துக் கோளாறுக்கு வாரண்டி இல்லை என்று சொல்லவும் இடம் கொடுத்துவிடுகிறோம்.

4. பெட்ரோலில், டீசலில் தண்ணீர் அல்லது அழுக்கு. எண்ணெய் போட்ட கொஞ்ச தூரத்திலேயே தொல்லை வந்தால் இதைச் சந்தேகப்படலாம். பங்கில் எப்போதும் பில் வாங்குங்கள். பெட்ரோல் தரத்தை ஃபில்டர் பேப்பரில் சோதித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

5. டீசல் வண்டியில் கரி அடைப்பு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 டீசல் கார்களில் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் மட்டுமே ஓட்டினால் அது போதுமான சூடு ஏறாமல் அடைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், இழுவை குறையும். விளக்கு எரிந்தால் என்ன வேகத்தில் எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டு நாமே பிரித்துப் பார்க்க வேண்டாம். வாரண்டி உள்ள வண்டியை வெளி மெக்கானிக் பிரித்தால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். பேட்டரி ஒயரையும் கழற்ற வேண்டாம். கோளாறு வந்தபோது கம்ப்யூட்டர் பெட்டி பதிந்துவைத்த குறியீடு அழிந்துபோகலாம்.

நோட்டில் என்ன எழுதணும்?

அந்த அக்காதான் அவர்கள் குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுபவர். "எழுதாத வரவு வரவே இல்ல" என்று மற்றவர்களுக்குச் சொல்பவர். அவரிடமே, "அக்கா, வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்க" என்றோம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் வீட்டுக்காரர் போனில் சொல்வார், இவர் எழுதுவார்:

- தேதி, மணி, இடம்
- வண்டி காட்டும் கிலோமீட்டர்
- கிளம்பி எவ்வளவு நேரம் ஓடிய பின் நின்றது
- ஏ.சி. ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள், மேடா சமதளமா, வெயிலா மழையா
- எந்த விளக்கு எரிந்தது (முடிந்தால் செல்போனில் படம்)
- டேங்கில் எவ்வளவு எண்ணெய், கடைசியாக எங்கே போட்டது
- மறுபடி ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிடம் ஆனது

ஐந்து வாரத்தில் ஏழு முறை எழுதினார். பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். ஏழு தடவையும் பகல் 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். ஏழு தடவையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு, ஏ.சி. போட்டிருக்கும்போது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆறியதும் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. காலையில் ஒரு தடவை கூட நிற்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் வண்டியைச் சோதித்தது எப்போது? மூன்று முறையும் காலை 9 மணிக்கு!

சர்வீஸ் சென்டரில் எப்படிப் பேசுவது?

"அடிக்கடி நிக்குது சார்" என்று வாயால் சொன்னால் போதாது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுங்கள். ஜாப் கார்டில் நம் புகாரை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போட வேண்டாம். "ஓடும்போது எஞ்சின் அணைகிறது" என்று இருக்க வேண்டும். கோளாறு கிடைக்கவில்லை என்றாலும், "சோதித்தோம், கிடைக்கவில்லை" என்று எழுதி வாங்குங்கள். அதுவும் ஒரு ஆவணம்தான். எத்தனை நாள் வண்டி அங்கே கிடந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

நோட்டைப் பார்த்த சூப்பர்வைசர், இந்த முறை மத்தியானம் வரச் சொன்னார். கம்ப்யூட்டர் கருவியை மாட்டி, ஏ.சி. போட்டு, வீட்டுக்காரரோடு சேர்ந்து ஓட்டினார். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் வண்டி நின்றது. எஞ்சின் சுற்றுவதைச் சொல்லும் சென்சார், சூட்டில் பேசாமல் போவது கருவியில் தெரிந்தது. சென்சாரையும் அதன் கனெக்டரையும் வாரண்டியில் காசில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

ரோட்டில் நின்றால் முதலில் உயிர்

எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங் கனக்கும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், பிறகு கெட்டியாகிவிடும். பயப்படாமல் பலமாகத் திருப்பி இடது ஓரம் கொண்டு வரச் சொல்லுங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு பக்க விளக்கையும் எரியவிட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தூரத்தில் வைக்க வேண்டும். ஆட்களை இடப்பக்கமாக இறக்கி ரோட்டை விட்டு விலகி நிற்க வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

இப்படி நிற்கும் வண்டியில், சரியாகும் வரை நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்ற வேண்டாம். வாடகை போனால் போகட்டும்.

தவணையை விட்டுவிடாதீர்கள்

"வண்டி ஓடலை, நான் ஏன் கட்டணும்?" என்று கோபம் வரும். ஆனால் வங்கிக்கும் வண்டிக் கோளாறுக்கும் சம்பந்தம் கிடையாது. புகார் கொடுத்திருப்பதால் தவணை தானாக நிற்காது. கட்ட முடியாத நிலை என்றால் தேதிக்கு முன்பே ஜாப் கார்டு நகலோடு மேலாளரிடம் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். குழுக் கடனையும் கூட்டத்தில் வைத்துப் பேசி, தீர்மானம் எழுதித் தள்ளி வையுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால்தான் சண்டை வருகிறது.

அப்படியும் கேட்காவிட்டால்

முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

"வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது" என்று சிலர் சொல்வார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பல வண்டி வாங்கி ஆள் வைத்துத் தொழில் நடத்துபவருக்குத்தான் அது பொருந்தாது. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் புகார் இருக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கோளாறு என்றதும் புது வண்டி கிடைத்துவிடாது. 2006-ல் ஒரு கார் வழக்கில், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டிக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முழு வண்டியையோ பணத்தையோ கேட்டால், தயாரிப்பிலேயே குறை என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்க வேண்டியிருக்கும். அப்போதும் கேட்கப்படுவது ஜாப் கார்டும் நோட்டும்தான்.

நம் அக்கா வண்டி இப்போது ஓடுகிறது. நின்ற தவணையைக் கட்டிவிட்டார். போன வாடகை திரும்பி வரவில்லை, சத்திரப்பட்டி ரோட்டில் பட்ட பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் வீட்டில் இப்போது யாரும் ராசி பற்றிப் பேசுவதில்லை. அந்த நோட்டை அவர் வண்டியிலேயே வைத்திருக்கிறார்.

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக் கொடுங்கள்.