மீன் தொட்டியும் நம் கையும்

வண்ண மீன்கள் கண்ணாடித் தொட்டியில் நீந்துவதைக் காண்பது இனிய பொழுதுபோக்கு. பள்ளிகள் சிலவற்றின் அறிவியல் கூடத்திலும் அத்தகைய தொட்டி உண்டு. ஆனால் அம்மீன்களைப் பற்றும் நோய்களுள் ஒன்று மனிதரின் காசநோய்க்கு நெருங்கிய உறவுடையது என்பதை நம்மில் பலர் அறியோம்.

காசநோய்க் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882-இல் உலகுக்கு அறிவித்தார். 1897-இல், பிரான்சு நாட்டில் கெண்டை மீனிலும் அதையொத்த நோய் கண்டதாக அறிஞர்கள் எழுதினர். பின்னர் 1926-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன் காட்சிசாலையில் இறந்த கடல் மீன்களை ஆராய்ந்த ஆரன்சன் என்பவர் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுவே ‘மைக்கோபாக்டீரியம் மாரினம்’. ‘மாரினம்’ என்றால் கடலுக்குரியது என்று பொருள். ஆயினும் அது நன்னீரிலும் வாழ்கின்றது.

இந்நோய் பெரும்பாலும் மீனை மெல்ல மெல்லவே உருக்குகின்றது. மீன் இரை கொள்ளாது; உடல் மெலியும்; நிறம் மங்கும்; தோலில் புண் தோன்றும். சில மீன்களுக்கு முதுகெலும்பு வளையும், விழி பிதுங்கும். இறந்த மீனை அறுத்துப் பார்த்தால் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் வெண்ணிறச் சிறு முடிச்சுகளைக் காணலாம். இறந்த மீனைப் பிற மீன்கள் கொத்தித் தின்னும்போது நோய் அவற்றுக்கும் பரவுகின்றது. இக்கிருமியின் உடற்சுவரில் மெழுகு போன்ற பொருள் மிகுந்திருப்பதால் மருந்துகள் எளிதில் உட்புகுவதில்லை. ஆகவே நோயுற்ற மீனைக் குணப்படுத்துவது மிக அரிது.

இது மனிதரைத் தொடுமா? தொடும். ஆனால் நுரையீரலை அன்று; தோலையே பற்றும். ஏன்? இக்கிருமி செழித்து வளர்வதற்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செண்டிகிரேடு. நம் உடலின் உள்வெப்பமோ 37 டிகிரி. எனவே அது உட்புறத்தைவிடக் குளிர்ந்த விரல், கை, முழங்கை ஆகிய இடங்களையே நாடுகின்றது. 1951-இல் சுவீடனில் நீச்சற்குளத்தில் குளித்தோரின் தோற்புண்ணுக்கு இத்தகைய கிருமியே காரணம் என்று தெரிய வந்தது. குளங்களில் குளோரின் கலக்கும் வழக்கம் பரவிய பின் அவ்வகைப் புண் அருகிவிட்டது. இன்றோ வீட்டு மீன் தொட்டியே இந்நோய் நுழையும் முக்கிய வாயில்.

கீறலுள்ள கையைத் தொட்டியில் இட்டவருக்குச் சில வாரங்கள் கழித்தே சிவந்த கட்டி தோன்றும். அதற்குள் கீறலை அவர் மறந்திருப்பார். மருத்துவரும் சாதாரணக் கட்டி எனக் கருதி மருந்து தரக்கூடும்; புண் ஆறாது. 37 டிகிரி வெப்பத்தில் செய்யும் வழக்கமான கிருமிச் சோதனையிலும் இது தப்பிவிடலாம். காலம் தாழ்த்தினால் மூட்டையும் தசைநாரையும் நோய் எட்டக்கூடும். “வீட்டில் மீன் வளர்க்கிறோம்” என்று நோயாளி கூறும் ஒரு சொல்லே மருத்துவருக்கு வழிகாட்டும். உரிய மருந்தைப் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், விடாது உண்டால் நோய் தீரும். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை என்பது ஆறுதல்.

ஆதலின் மாணவர்களே, புண்ணுள்ள கையைத் தொட்டியில் இடாதீர்கள். இட வேண்டின் ரப்பர் கையுறை அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். நீரை இறைக்கக் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். புது மீனைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பாருங்கள். இறந்த மீனை உடனே அகற்றுங்கள். மீன் வளர்ப்பதைக் கைவிட வேண்டியதில்லை. வளர்க்கும் உயிரின் நோயையும் அறிந்து வளர்ப்பதே அறிவுடைமை.