புளி செய்த வேலை

சிற்றாலயத்து மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கும் வேலை பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. பித்தளைத் தண்டுகள் ஆறும் கறுத்துப் போயிருந்தன. அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பு வேறு. விடுதிச் சமையலறையில் கேட்டு வாங்கிய பழம்புளியை உப்புடன் பிசைந்து தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கப் பொன்னிறம் எட்டிப் பார்த்தது. நான்கு தண்டுகள் முடிந்ததும் படிப்பு மணி அடித்துவிட்டது. மீதி இரண்டிலும் புளியை அப்பி வைத்துவிட்டு ஓடினோம். இரவெல்லாம் ஊறினால் தேய்க்காமலே மின்னும் என்பது எங்கள் கணக்கு!

காலையில் கண்டதோ வேறு. திட்டுத் திட்டாகச் செம்பு நிறம். ஓரங்களில் புதிதாகப் பச்சை. அழாத குறையாகச் சிஸ்டரிடம் கொண்டு போனோம். அவர் கோபிக்கவில்லை. "ஏன் இப்படி ஆயிற்று என்று கண்டுபிடித்து எழுதுங்கள்" என்றார். அதுவே இக்கட்டுரை.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றுப் பட்டுச் செம்பு ஆக்ஸைடாக மாறுவதால் மேற்பரப்பு கறுக்கிறது. இது நீரில் கரையாது. ஆகவே எவ்வளவு கழுவினாலும் போகாது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும், புளித்த மோரின் லாக்டிக் அமிலமும் இதே வேலையைச் செய்பவைதாம். ஆனால் கறை கரைந்த பின்பும் கழுவாமல் விட்டால், அமிலம் காற்றின் துணையோடு பித்தளையையே அரிக்கத் தொடங்கும். துத்தநாகம் முந்திக்கொண்டு வெளியேற, செம்பு எஞ்சி நிற்கும். எங்கள் தண்டுகள் சிவந்தது இதனால்தான். வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதும் இதனாலேயே. கரைந்த செம்பு குழம்போடு வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வாந்தியும் வரும்.

துருவேறிய சாவி ஒன்றையும் வினிகரில் இட்டுப் பார்த்தோம். ஓர் இரவில் துரு கழன்று வந்தது. சாவியைச் சுற்றிச் சிறு சிறு குமிழிகள்! அவை ஹைட்ரஜன், அதாவது அமிலம் இரும்பையும் தின்னத் தொடங்கிவிட்டது. எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். இல்லையேல் துரு விரைவில் திரும்பி வரும். கோலா பானத்திலுள்ள பாஸ்பாரிக் அமிலமும் துருவைப் போக்கும். குடிப்பதற்கு வாங்கியதைச் சாவிக்குக் கொடுக்க எங்களுக்குத்தான் மனம் வரவில்லை.

வெள்ளிக் கொலுசு மட்டும் புளிக்கு மசியவில்லை. அதன் கறுப்பு ஆக்ஸைடு அன்று, சல்பைடு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றிவிடாதீர்கள். குளோரின் என்னும் நச்சுவாயு எழும், மூச்சுத் திணறும்.

கெட்டுப்போன தண்டுகளைப் புதுப்புளியால் சில நிமிடங்கள் தேய்த்து, உடனே கழுவித் துடைத்தோம். பச்சை போயிற்று. ஒன்றில் மட்டும் சிவப்புத் திட்டு இன்னும் லேசாகத் தெரிகிறது. சிஸ்டர் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்.